"நீ இப்போ ஆபீஸ் ஆளு!" : வேலையிட உறவுகள், வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் சம்பளத்தைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. மேலே இருப்பவர் நம்மிடம் எப்படிப் பேசுகிறார், நாம் கீழே இருப்பவரிடம் எப்படிப் பேசுகிறோம், இதைச் சுற்றித்தான் எல்லாக் கடிதமும். நான் தண்டையார்பேட்டையில் வளர்ந்து, எண்ணூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் 24 வருஷம் தொழிலாளர் நல அலுவலராக இருந்தவள். அதனால் நான் கண்ணால் பார்த்ததையும் சொல்கிறேன், இதை ஆராய்ந்தவர்கள் கண்டதையும் சொல்கிறேன். கிட்டத்தட்ட எல்லோருமே பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறீர்கள், யார் பெயரையும் போடவில்லை.

கேள்வி: அக்கா, மணலியில் ஒரு ஃபேப்ரிகேஷன் கம்பெனியில் பதினோரு வருஷம் வெல்டராக இருந்தேன். ஆறு மாசத்துக்கு முன்னால் சூப்பர்வைசர் ஆக்கினார்கள். என் கீழே இருக்கும் எட்டு பேரும் கூடவே வேலை பார்த்தவர்கள், அதில் ரெண்டு பேர் என் கல்யாணத்துக்கு ராத்திரி முழுக்க முழித்து வேலை செய்தவர்கள். இப்போது நான் கிட்டே போனால் பேச்சு நின்றுவிடுகிறது. நாலு மணி டீக்கு என்னைக் கூப்பிடுவதில்லை. போன வாரம் லேட்டாக வந்த ஒருத்தனைக் கேட்டதற்கு, "நீ இப்போ ஆபீஸ் ஆளு, எழுதிக் கொடு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். மேனேஜரோ "உன் பசங்கள நீ ரொம்ப விடுறே" என்கிறார். பழைய வேலைக்கே போய்விடலாமா என்று இருக்கிறது. நான் மாறிவிட்டேனா, அவர்கள் மாறிவிட்டார்களா?
(வாசகர், சடையங்குப்பம்)

பதில்: தம்பி, நேராகவே சொல்கிறேன். மாறியது நீங்கள்தான். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை, அந்த இடத்துக்கு யார் போனாலும் மாறுவார்கள், இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். சீமோர் லீபர்மன் என்பவர் 1950-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் வீட்டு உபயோகப் பொருள் செய்யும் ஒரு தொழிற்சாலையில், கம்பெனியைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள், யூனியனைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களிடம் கேட்டு எழுதி வைத்துக்கொண்டார். ஒரு வருஷம் சொச்சம் போவதற்குள் அவர்களில் 23 பேர் ஃபோர்மேன் ஆகிவிட்டார்கள், 35 பேர் யூனியன் பிரதிநிதி ஆகிவிட்டார்கள். மறுபடி அதே கேள்விகளைக் கேட்டால், ஃபோர்மேன் ஆனவர்கள் கம்பெனிப் பக்கம் சாய்ந்திருந்தார்கள், பிரதிநிதி ஆனவர்கள் யூனியன் பக்கம். அப்புறம் வியாபாரம் படுத்தது, சில ஃபோர்மேன்கள் பழையபடி மெஷினுக்கே திரும்ப வேண்டி வந்தது. மூன்றாவது முறை போய்க் கேட்டபோது அவர்கள் பேச்சும் பழையபடி ஆகியிருந்தது. 1956-இல் இது வெளிவந்தது. இத்தனை வருஷத்தில் நான் படித்ததில் எனக்கு ரொம்பப் பிடித்த ஆய்வு இது, ஏனென்றால் இதைப் படித்த பிறகு யாரையும் "பதவி வந்ததும் புத்தி மாறிடுச்சு" என்று திட்ட எனக்கு மனசு வரவில்லை. உங்களை ஆபீஸ் ஆளு என்று சொன்ன அந்த நண்பரை நாளைக்கே உங்கள் இடத்தில் உட்கார வைத்தால், அவரும் லேட் கணக்குப் பார்ப்பார்.

சரி, இனிமேல் என்ன செய்வது? இன்னொரு ஆய்வு உங்களுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கும். ஃபிளீஷ்மன், ஹாரிஸ் என்ற இருவர் 1962-இல் லாரி தயாரிக்கும் ஒரு ஆலையில் 57 ஃபோர்மேன்களை எடுத்துக்கொண்டு ரெண்டு விஷயம் பார்த்தார்கள். ஆட்கள் மேல் எவ்வளவு அக்கறை காட்டுகிறார், வேலையை எவ்வளவு கறாராக வாங்குகிறார். கூடவே ஒவ்வொருவர் பிரிவிலும் எத்தனை புகார் எழுந்தது, எத்தனை பேர் வேலையை விட்டுப் போனார்கள் என்ற கணக்கு. அக்கறை இல்லாத ஃபோர்மேனிடம் கறார் இருந்தாலும் இல்லாவிட்டாலும் புகார் குவிந்தது. அக்கறை காட்டியவர் கறாரைக் கூட்டியபோது புகார் பெரிதாக ஏறவில்லை. இதில் எது காரணம், எது விளைவு என்று அந்த ஒரு ஆய்வை வைத்து அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் நான் பார்த்த தொழிற்கூடங்களில் நிலைமை இப்படித்தான் இருந்தது. அதே ஆய்வில் இன்னொன்றும் இருக்கிறது, உங்கள் மேனேஜருக்குப் பிடிக்கும்: ஒரு அளவுக்கு மேல் அக்கறையைக் கூட்டிக்கொண்டே போனாலும் புகார் அதற்கு மேல் குறையவில்லை. அதனால் எல்லோருக்கும் நல்லவனாக இருக்க வேண்டும் என்று ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

எங்கள் தொழிற்சாலையில் ஒரு ஃபோர்மேன் இருந்தார். சட்டைப் பையில் கையளவு நோட்டு, அதன் மேல் ஒரு ரப்பர் பேண்டு. ஷிஃப்ட் ஏறியதும் ஒரு சுற்று வருவார். கையுறை கிழிஞ்சிடுச்சு, கிரைண்டர் கேபிள்ல ஷாக் அடிக்குது, பாப்பாவுக்குக் காது குத்து சனிக்கிழமை சீக்கிரம் போகணும், யார் என்ன சொன்னாலும் நின்று எழுதிக்கொள்வார். மறுநாள் அதே நேரம் அதே ஆளிடம் வந்து பதில் சொல்வார். பாதி நாள் அந்தப் பதில் "ஸ்டோர்ல இல்லியாம்பா, புதன்கிழமைதான் வருதாம்" என்றுதான் இருக்கும். ஆனாலும் பதில் வந்துவிடும். அவர் கண்டிப்புக்கும் பேர் போனவர், மெமோ கொடுக்கத் தயங்க மாட்டார், ஆனால் அவர் வாயைத் திறந்து ஓ.டி. இருக்க முடியுமா என்று கேட்டால் முடியாது என்று சொன்னவர்கள் ரொம்பக் குறைவு.

உங்களுக்கு இப்போது ஸ்டோருக்கும் மேனேஜர் ரூமுக்கும் போகிற வழி இருக்கிறது, அவர்களுக்கு இல்லை. அந்த வழியை அவர்களுக்காக நடந்து காட்டுங்கள். டீக்குக் கூப்பிடுவார்கள் என்று காத்திருக்காதீர்கள், வாரத்தில் ஒரு நாள் நீங்களே போய் நில்லுங்கள், மற்ற நாட்களில் அவர்கள் உங்களைப் பற்றித் திட்டிப் பேசவும் ஒரு இடம் வேண்டும், அதை விட்டுக் கொடுங்கள். லேட்டாக வந்த நண்பரை எல்லோர் முன்னாலும் கேட்டீர்களா? அப்படியானால் அது தப்பு. தனியாகக் கூப்பிட்டு, பழைய நட்பை இழுக்காமல், "ஏழு மணிக்கு நீ இல்லேன்னா ரெண்டாவது பிரிவுல ஃபிட்டர் சும்மா நிக்கிறான்" என்று வேலையை மட்டும் சொல்லுங்கள். பழைய வேலைக்குத் திரும்பும் யோசனையை ஒரு வருஷம் கழித்து எடுத்துப் பாருங்கள், ஆறு மாதம் இதற்குப் போதாது.

கேள்வி: கண்டெய்னர் யார்டு ஒன்றில் டாக்குமென்டேஷன் பிரிவில் நாலு வருஷமாக இருக்கிறேன். எங்கள் மேனேஜருக்கு ரெண்டு பேர்தான் ஆள். கஸ்டம்ஸ் பக்கம் போகிற வேலை, புது பார்ட்டியோடு பேசுகிற வேலை எல்லாம் அவர்களுக்கு. எங்களுக்கு என்ட்ரி போடுவது மட்டும். லீவு கேட்டால்கூட அவர்களுக்கு ஒரு மாதிரி, எங்களுக்கு ஒரு மாதிரி. காக்கா பிடிக்கத் தெரியாதது என் தப்பா?
(வாசகி, எண்ணூர்)

பதில்: தப்பே இல்லை. 1975-க்கு முன்னால் ஆராய்ச்சியாளர்களே ஒரு விஷயத்தைக் கோட்டை விட்டிருந்தார்கள். ஒரு மேலாளர் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துகொள்ள, கீழே இருக்கும் பத்து பேரையும் கேட்டு சராசரி போட்டுவிடுவார்கள். டான்செரோ, கிரேன், ஹாகா என்ற மூவரும் அந்த வருஷம் ஒவ்வொருவர் சொன்னதையும் தனித்தனியாக வைத்துப் பார்த்தார்கள். ஒரே மேலாளருக்குள் ரெண்டு விதமான ஆள் இருப்பது தெரிந்தது. சிலரிடம் நம்பிப் பொறுப்பைக் கொடுக்கிறார், உள் விஷயம் சொல்கிறார், அவர்கள் கஷ்டத்துக்கு நிற்கிறார். மற்றவர்களிடம் சம்பளத்துக்கு வேலை, அவ்வளவுதான். நீங்கள் எழுதியிருப்பது அதே படம்தான்.

இந்தப் பிரிவினை எவ்வளவு சீக்கிரம் வந்துவிடுகிறது தெரியுமா? லைடன், வெய்ன், ஸ்டில்வெல் 1993-இல் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களையும் அவர்கள் மேலாளர்களையும் பின்தொடர்ந்தார்கள். முதல் ஐந்து நாளில் ஒருவர் மேல் ஒருவர் வைத்த எதிர்பார்ப்பே ஆறு வாரம் கழித்து உறவு எப்படி இருக்கும் என்பதைக் காட்டிக்கொடுத்தது. ஐந்து நாளில் ஒருவரின் திறமையை என்ன பெரிதாகப் பார்த்திருக்க முடியும்? பேச்சு பிடித்தது, தன்னைப் போல இருக்கிறார் என்று தோன்றியது, இவையும் சேர்ந்துதான் அந்த வேலையைச் செய்கின்றன. உங்களுக்கு நாலு வருஷத்துக்கு முன்னால், முதல் வாரத்திலேயே, யாருக்கும் தெரியாமல் ஒரு முத்திரை விழுந்திருக்கலாம்.

ஆனால் அதை அழிக்கவும் முடியும். கிரேனும் அவரோடு சேர்ந்தவர்களும் 1980-களில் மேலாளர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். கீழே இருக்கும் ஒவ்வொருவரோடும் தனியாக உட்கார வேண்டும், உன் வேலையில் என்ன சிக்கல், என்னிடம் என்ன எதிர்பார்க்கிறாய் என்று கேட்க வேண்டும், தன் எதிர்பார்ப்பையும் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு வேலையில் அதிகம் முன்னேறியவர்கள் யார் என்றால், அதற்கு முன்னால் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தவர்கள். மேலாளர்கள் இதைப் படித்தால் ஒரு நிமிஷம் நின்று யோசிக்க வேண்டும், உங்கள் யார்டில் எவ்வளவு திறமை என்ட்ரி போட்டுக்கொண்டே வீணாகிறது என்று.

உங்கள் மேனேஜர் அந்தப் பயிற்சிக்குப் போகப் போவதில்லை, அதனால் முதல் அடியை நீங்கள் எடுத்து வைக்க வேண்டியிருக்கிறது. அது நியாயம் இல்லைதான், ஆனாலும் செய்யுங்கள். "எனக்கு எதுவும் தருவதில்லை" என்று போய் நிற்காதீர்கள், அது அவர் காதில் புகாராக மட்டும் விழும். "அடுத்த மாசம் வரப்போற புது பார்ட்டியோட ஃபைல நான் ஆரம்பத்துலேருந்து முடிவு வரைக்கும் பார்க்கறேன் சார், ரெண்டு கன்சைன்மென்ட் பாருங்க, சரியில்லேன்னா எடுத்துக்கோங்க" என்று ஒரு குறிப்பிட்ட வேலையைக் கேளுங்கள். லீவு விஷயம் வேறு, அது விதிப்படி உங்களுக்கு உரியது, அதை யாருடைய பிரியத்துக்கும் விடாதீர்கள், எழுத்தில் கேளுங்கள், தேதி போட்டு ஒரு காப்பி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கண்டிப்பான மேலதிகாரி நல்லதா, அன்பான மேலதிகாரி நல்லதா? ஒரு வரியில் சொல்லவும்.
(வாசகர், கொருக்குப்பேட்டை)

பதில்: ஒரு வரியில் வராது. 1939-இல் லெவின், லிப்பிட், வைட் மூவரும் பத்து வயசுப் பையன்களின் கைவேலைக் குழுக்களில் பார்த்தது இது: அதட்டி வேலை வாங்கிய தலைவர் இருக்கும்வரை வேலை நடந்தது, அவர் வெளியே போனதும் படுத்துவிட்டது. கலந்து பேசி நடத்தியவர் போன பிறகும் பையன்கள் வேலையைத் தொடர்ந்தார்கள். ஆனால் நம் ஊருக்கு இது அப்படியே பொருந்தாது என்றார் பாட்னாவைச் சேர்ந்த உளவியலாளர் ஜே.பி.பி. சின்ஹா. இங்கே தலைவரை ஒரு பெரியவரின் இடத்தில் வைத்துப் பார்க்கிறோம், அதனால் பாசமும் வேண்டும், ஆனால் வேலையைச் செய்தால்தான் அந்தப் பாசம் என்பதும் தெரிய வேண்டும் என்று அவர் 1980-இல் எழுதினார். ஆள் தேறத் தேறக் கையைப் பிடிப்பதை விட்டுவிட வேண்டும் என்பதையும் அவர் சேர்த்தே சொன்னார். நம் பெரியவர்கள் பலருக்கும் வராதது அந்தக் கடைசிப் பகுதிதான்.

கேள்வி: ஒரு தனியார் மருத்துவமனையில் வார்டு இன்சார்ஜ் சிஸ்டராக இருக்கிறேன், 19 வருஷ சர்வீஸ். போன மாசம் ஒரு நோயாளிக்கு ஆன்டிபயாடிக் ஒரு டோஸ் ரெண்டு தடவை போய்விட்டது. நல்லவேளை, எதுவும் ஆகவில்லை. ஆனால் செய்த ஜூனியர் சொல்லவே இல்லை, சார்ட்டைப் பார்த்து நான் கண்டுபிடித்தேன். எனக்கு வந்த கோபத்தில் வார்டிலேயே வைத்துக் கத்திவிட்டேன். இந்தக் காலத்துப் பெண்களுக்கு ஏன் பொறுப்பே இல்லை?
(வாசகி, ராயபுரம்)

பதில்: சிஸ்டர், உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது, அந்தப் படுக்கையில் இருந்தவருக்காக வந்த கோபம் அது. ஆனால் உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது. அந்தப் பெண் ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறீர்கள், அடுத்த வரியில் வார்டிலேயே வைத்துக் கத்தினேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அன்றைக்கு அங்கே நின்றுகொண்டிருந்த மற்ற ஜூனியர்கள் என்ன கற்றுக்கொண்டிருப்பார்கள்?

ஏமி எட்மண்ட்சன் என்ற ஆராய்ச்சியாளர் 1990-களில் உங்களுடைய கேள்விக்குப் பக்கத்துக் கேள்வியோடுதான் ஆரம்பித்தார். நன்றாக ஒத்துப்போகிற செவிலியர் குழுக்களில் மருந்துத் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்து ரெண்டு மருத்துவமனைகளில் எட்டு பிரிவுகளின் கணக்கை எடுத்தார். தலைகீழாக வந்தது. நல்ல குழுக்களில்தான் தவறு அதிகம்! கணக்கில் பிழையோ என்று குழம்பி, அப்புறம் தோண்டிப் பார்த்தபோது விஷயம் விளங்கியது. நல்ல குழுக்கள் தவறை வெளியே சொன்னார்கள், எழுதினார்கள். இன்சார்ஜுக்குப் பயந்த வார்டுகளில் தவறு உள்ளேயே அமுங்கிப்போனது. 1996-இல் அதை எழுதினார், 1999-இல் ஒரு உற்பத்தி நிறுவனத்தின் 51 குழுக்களை ஆராய்ந்து இன்னும் திடமாக நிறுவினார். தெரியாததைக் கேட்டால், தப்பை ஒத்துக்கொண்டால் இங்கே யாரும் நம்மை அசிங்கப்படுத்த மாட்டார்கள் என்ற நம்பிக்கை இருக்கும் குழுதான் கற்றுக்கொண்டே போகிறது.

நான் இருந்த தொழிற்சாலையில், விபத்து ஆகாமல் மயிரிழையில் தப்பிய சம்பவங்களை எழுத ஒரு பதிவேடு உண்டு. ஒரு வருஷம் ஒரு பிரிவில் பக்கத்துக்குப் பக்கம் "இல்லை", "இல்லை" என்றே எழுதியிருந்தது, மேலே எல்லோரும் மெச்சிக்கொண்டார்கள், நானும்தான். அந்த வருஷக் கடைசியில் பிரஸ் மெஷினில் ஒரு பையனுக்கு ரெண்டு விரல் போனது. அந்த மெஷினின் பாதுகாப்பு மூடி சரியாக மூடவில்லை என்று நாலு மாசமாக அங்கே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அந்தப் பதிவேட்டின் நீல அட்டை இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

கண்டிப்பைக் குறைக்கச் சொல்லவில்லை சிஸ்டர், மருந்து விஷயத்தில் கண்டிப்பு வேண்டும். கேள்வியின் வரிசையை மட்டும் மாற்றுங்கள். "யார் செஞ்சது?" என்று ஆரம்பிக்காமல் "என்ன நடந்துச்சு, எந்த நேரத்துல, ஷிஃப்ட் மாறும்போதா?" என்று ஆரம்பியுங்கள். டோஸ் ரெண்டு தடவை போனதற்கு அந்தப் பெண் மட்டும் காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு, முந்தின ஷிஃப்டில் சார்ட்டில் டிக் போட்டார்களா, ஒப்படைக்கும்போது சொன்னார்களா என்று பாருங்கள். இன்னொன்று, அந்தப் பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டு, கத்தியது தப்பு என்று சொல்லுங்கள். 19 வருஷத்தில் நீங்கள் செய்த தவறு ஒன்றாவது இருக்கும், அதையும் சொல்லுங்கள். உங்கள் மரியாதை குறையாது, அடுத்த தவறு உங்கள் காதுக்கு முதலில் வரும்.

கேள்வி: வியாசர்பாடி பக்கம் சின்ன லேத் பட்டறை வைத்திருக்கிறேன், ஒன்பது பேர் வேலை செய்கிறார்கள். வருஷா வருஷம் தீபாவளிக்கு ஒரு மாசச் சம்பளம் கொடுப்பது வழக்கம். இந்த வருஷம் ஒரு பெரிய ஆர்டர் போய்விட்டது, பாதிதான் முடியும். எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. கவரில் போட்டுக் கொடுத்துவிட்டு ஒன்றும் பேசாமல் இருந்துவிடலாம் என்கிறாள் மனைவி.
(வாசகர், பெயர் ஊர் வேண்டாம்)

பதில்: பேசாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். ஜெரால்டு கிரீன்பர்க் 1990-இல் வெளியிட்ட ஒரு ஆய்வை உங்கள் மனைவியிடமும் சொல்லுங்கள். ஒரு கம்பெனிக்கு ஆர்டர் போனதால் ரெண்டு ஆலைகளில் பத்து வாரத்துக்கு 15 சதவீதம் சம்பளம் குறைத்தார்கள். ஒரு ஆலையில் தலைவரே வந்து ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து, கணக்கைக் காட்டி, ஏன் ஆளை நிறுத்தாமல் சம்பளத்தைக் குறைக்கிறோம் என்று விளக்கி, வருத்தம் தெரிவித்து, கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னார். இன்னொன்றில் பதினைந்து நிமிஷத்தில் அறிவித்துவிட்டுப் போய்விட்டார்கள். வெட்டு ஒன்றுதான், ரெண்டு இடத்திலும் அந்தப் பத்து வாரம் பொருட்கள் காணாமல் போவது கூடியது, ஆனால் பதினைந்து நிமிஷ ஆலையில் அது எவ்வளவோ அதிகம், வேலையை விட்டவர்களும் அங்கேதான் அதிகம். சம்பளம் பழையபடி வந்ததும் திருட்டும் பழைய அளவுக்கு இறங்கிவிட்டது. அந்த மனுஷர்கள் பிறவித் திருடர்கள் கிடையாது, அவமானப்பட்டவர்கள்.

உங்களிடம் ஒன்பது பேர், அதனால் சட்டப்படியான 8.33 சதவீத போனஸ் உங்கள் பட்டறைக்குப் பொருந்துமா என்பதை ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள், பொருந்தினால் அதற்குக் கீழே போக முடியாது. அப்புறம், தீபாவளிக்கு மூன்று வாரம் முன்னாலேயே சொல்லுங்கள், கடைசி நாள் கவரைப் பிரித்துத் தெரிந்துகொள்ளும்போது அவர்கள் ஏற்கெனவே துணிக்கடையில் கடன் சொல்லியிருப்பார்கள். மெஷினை நிறுத்தி, எல்லோருக்கும் டீ சொல்லி, போன வருஷ ஆர்டர் நோட்டையும் இந்த வருஷ நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். நீங்கள் எவ்வளவு எடுத்துக்கொள்கிறீர்கள் என்று ஒருவர் கேட்பார். கோபப்படாமல் பதில் சொல்லுங்கள், அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது என்றால் இந்தக் கூட்டமே வேண்டாம்.

கேள்வி: நீங்கள் எழுதுவதெல்லாம் அமெரிக்காக்காரன் ஆராய்ச்சி. நம்ம ஏரியாவில் கூலிக்காரனுக்கு மரியாதை, உறவு என்றெல்லாம் பேசினால் வேலை நடக்குமா?
(வாசகர், திருவொற்றியூர்)

பதில்: நம்ம ஏரியாவில்தான் ஐயா இந்தப் பேச்சே ஆரம்பித்தது. பெரம்பூர் பின்னி ஆலைத் தொழிலாளர்கள், சாப்பாட்டு நேரம் போதவில்லை, மேலே இருப்பவர்கள் நடத்தும் விதம் சரியில்லை என்று குமுறிக்கொண்டிருந்தபோது, 1918 ஏப்ரல் 27-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. பி.பி. வாடியா தலைவர், திரு.வி.க. துணைத் தலைவர்களில் ஒருவர், முன்கை எடுத்தவர்கள் செல்வபதி செட்டியாரும் ராமானுஜுலு நாயுடுவும். முறையாக அமைந்த இந்தியாவின் முதல் தொழிற்சங்கம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். அமெரிக்காவின் புகழ்பெற்ற ஹாவ்தோர்ன் ஆய்வுகள் தொடங்கியது 1924-இல். அங்கே 20,000-க்கும் மேற்பட்ட தொழிலாளர்களை உட்கார வைத்துப் பேச விட்டுக் கேட்டார்கள், பெரம்பூர்த் தொழிலாளர் அந்த ஆய்வுகள் தொடங்குவதற்கு ஆறு வருஷம் முன்னாலேயே வாய் திறந்துவிட்டார்.

ஆய்வும் இங்கே நடந்திருக்கிறது. 1953-இல் ஏ.கே. ரைஸ் என்பவர் அகமதாபாத் காலிகோ மில்லுக்கு வந்தார். புதிதாகத் தானியங்கித் தறி போட்டும் உற்பத்தி ஏறவில்லை. பார்த்தால், 224 தறிக்கு 29 பேர், ஆளுக்கொரு துண்டு வேலை, யாருக்கும் முழுத் தறி சொந்தமில்லை. சின்னச் சின்னக் குழுவாகப் பிரித்து, இத்தனை தறி உங்கள் பொறுப்பு, வேலையை உங்களுக்குள் பிரித்துக்கொள்ளுங்கள் என்று விட்டபோது, யாரோடு யார் சேர்வது என்பதைத் தொழிலாளர்களே பேசி முடித்துவிட்டார்கள். உற்பத்தி கூடியது, சேதம் குறைந்தது. ரொம்பப் பழசு என்பீர்களானால், 2016-இல் இந்திய ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் சம்பள உயர்வு எதிர்பார்த்ததைவிடக் குறைவாக வந்த நேரத்தில் பொருளாதார அறிஞர்கள் ஒன்று செய்து பார்த்தார்கள். குலுக்கல் முறையில் பொறுக்கிய சிலரிடம் மட்டும் வேலை, சம்பளம், சூப்பர்வைசர் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கருத்துக் கேட்டார்கள். ஒரு ரூபாய்கூட ஏற்றவில்லை. கேட்கப்பட்டவர்கள் வேலையை விட்டுப் போவது மற்றவர்களைவிட ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்தது. ஆனால் ஒன்று, கேட்டுவிட்டு எதையும் செய்யாமலே இருந்தால் அது எத்தனை வருஷம் தாங்கும்? என் அனுபவத்தில் ரெண்டு வருஷம்கூடத் தாங்காது.

கேள்வி: அக்கா, நான் பொறியியல் முடித்து ஓ.எம்.ஆரில் ஐ.டி. கம்பெனியில் இருக்கிறேன். வீடு வியாசர்பாடி. சேர்ந்த முதல் நாள் டீம் லீட் எங்கே வீடு என்று கேட்டார். அதற்கு முந்தின நிமிஷம்தான் இன்னொருத்தர் "நார்த் மெட்ராஸா, பார்த்துப்பா, பர்ஸ பத்திரமா வெச்சுக்கோ" என்று யாரையோ கிண்டல் செய்து எல்லோரும் சிரித்தார்கள். நான் பெரம்பூர் என்று சொல்லிவிட்டேன். ரெண்டு வருஷமாக அதையே சொல்கிறேன். செகண்ட் ஷிஃப்ட் முடிந்து ராத்திரி ஆபீஸ் வண்டியில் வந்து பெரம்பூர் ஸ்டேஷனில் இறங்கி, ஷேர் ஆட்டோ கிடைக்காவிட்டால் அங்கிருந்து வீட்டுக்கு நடந்தே போகிறேன். யாரையும் வீட்டுக்குக் கூப்பிட்டதில்லை. டீமில் எனக்கு நெருக்கமாக யாருமே இல்லை.
(வாசகர், வியாசர்பாடி)

பதில்: உன் கடிதத்தை ரெண்டு முறை படித்தேன். நீ செய்தது கோழைத்தனம் இல்லப்பா. அந்தச் சிரிப்புக்கு நடுவில் உட்கார்ந்திருந்தால் நானும் தண்டையார்பேட்டையை விழுங்கியிருப்பேன். பர்ஸ் கிண்டல் ஏரியாவைப் பற்றிய கிண்டல் போலத் தெரியும், பல நேரம் அதன் அடியில் சாதி உட்கார்ந்திருக்கும், உனக்கு அது தெரிந்துதான் வாய் அடைத்துப்போயிருக்கிறது.

ஆனால் உன் கடைசி வரிக்கும் அந்தப் பொய்க்கும் தொடர்பு இருக்கிறது. நியூஹைசர், பாரெட்டோ என்ற இருவர் 2014-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் பார்த்தது. மற்றவர் தாழ்வாக நினைப்பார்கள் என்று ஒரு அடையாளத்தை மறைப்பவர்கள், மறைத்தால் ஒட்டிக்கொள்ளலாம் என்று நம்பித்தான் மறைக்கிறார்கள். ஆனால் மறைத்துப் பேசியபோது தான் இங்கே சேர்ந்தவன் என்ற உணர்வு அவர்களுக்குக் குறைந்தது. வெளியே இருந்து அந்த உரையாடலைப் பார்த்தவர்களுக்கும் அது ஒட்டாமல் இருப்பது தெரிந்தது. காரணம் ஊகிக்க முடிகிறது. வீடு என்ற பேச்சு வந்தால் நீ விலகுவாய், ஞாயிற்றுக்கிழமை என்ன செய்தாய் என்றால் மழுப்புவாய், எதிரில் இருப்பவருக்கு ஏன் என்று தெரியாது, இவன் நம்மிடம் ஒட்டமாட்டான் என்று மட்டும் எடுத்துக்கொள்வார்.

எல்லோரிடமும் போய் அறிவிக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன், அந்தக் கடமை உனக்கு இல்லை, கிண்டல் செய்தவரைத் திருத்தும் வேலையும் உன்னுடையது இல்லை, அது அந்த டீம் லீட் அன்றைக்கே செய்திருக்க வேண்டிய வேலை. இதைப் படிக்கும் டீம் லீட் யாராவது இருந்தால் கேளுங்கள்: அந்தச் சிரிப்பில் நீங்கள் சேர்ந்துகொண்ட அந்த ஒரு நொடியில், உங்கள் குழுவில் ஒரு பையன் ரெண்டு வருஷத்துக்கு வாயை மூடிக்கொண்டான்.

நீ ஒரே ஒருவரைத் தேர்ந்தெடு, கூட இருந்து சாப்பிடுகிறவராக இருக்கட்டும். உங்கள் ஏரியாவில் ஃபுட்பால் ஆடாத தெரு ஏது? ஞாயிற்றுக்கிழமை காலை மேட்ச் பார்க்க வா என்று கூப்பிடு, வீடு எங்கே என்பது தானாக வந்துவிடும். அதற்கும் முன்னால், நாளைக்கே செய்யக் கூடியது ஒன்று இருக்கிறது. செகண்ட் ஷிஃப்ட் முடிந்து ராத்திரி பெரம்பூர் ஸ்டேஷனில் இறங்கி, ஷேர் ஆட்டோ கிடைக்காமல் நடப்பதை நிறுத்து. டிரான்ஸ்போர்ட் டெஸ்க்கில் போய் இறங்கும் இடத்தை உன் தெரு முனைக்கு மாற்றச் சொல். அங்கே உட்கார்ந்திருப்பவருக்கு அது வெறும் பின்கோடு, டைப் அடித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார்.